பொட்டு வைக்காத சுவிட்ச்

“மில்லு ஓடலம்மா. பின்னால ஓடுச்சு.”

வெள்ளைத்தாய் இதைச் சொல்லிவிட்டு, ‘நீயும் சிரிக்கப் போறியா?’ என்பதுபோல் செல்லக்கிளியைப் பார்த்தாள். புருவம் வரைக்கும் கேப்பை மாவு அப்பியிருந்தது. அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் ஒன்பது வருஷமாகத் தனி ஆளாக மாவு மில் நடத்துகிறவள். இதையே போலீஸில் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாராம்.

செல்லக்கிளியும் அப்படி வாயைக் கட்டி வைக்கிற ஆள் இல்லை. “பின்னால ஓடுனா மாவு திரும்பக் கேப்பையா வந்திருக்குமே அக்கா?” என்று கேட்டேவிட்டாள்.

அவளுடைய முதலாளி, துப்பறிவாளர் அருஞ்சுனை, சிரிக்கவில்லை. காராச்சேவுப் பொட்டலத்துக்குள் போன கை அப்படியே நின்றது. அருஞ்சுனையின் கை சேவுப் பொட்டலத்தில் நின்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வேலையை விட்டுவிட்டு அவரிடம் வந்த இந்த நாலு வருஷத்தில், செல்லக்கிளி அதை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறாள்.

“மொதல்ல இருந்து சொல்லுங்க ஆத்தா. கரண்ட் இல்லாத நேரத்துல மில்லு எப்படி ஓடுச்சு?”

“ஸ்டார்ட்டரு பட்டனுக்குச் சில்லுக் கட்டைய முட்டுக் கொடுத்து வச்சிருப்பேன். வோல்டேஜ் கம்மியாகும்போதெல்லாம் அது பொசுக்குன்னு விழுந்துருது. நூறு தடவை எந்திரிச்சு அமுக்க நம்மளால முடியுமா? அன்னைக்குக் கரண்டு போனப்பவும் கட்டைய எடுக்கல. பத்தே கால் இருக்கும். திடீர்னு மோட்டாரு உறுமுச்சு. சரி, கரண்டு வந்துருச்சுன்னு திரும்பிப் பாக்கேன், சக்கரம் மறுபக்கமா சுத்துது. ரெண்டு சுத்து சுத்தி பெல்ட்டு கழண்டு விழுந்துச்சு. அந்தச் சத்தமும் போஸ்ட்டுல இருந்து அந்தச் சத்தமும் ஒண்ணா கேட்டுச்சுய்யா.”

அந்தச் சத்தம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன், ஐப்பசி முகூர்த்த நாள் ஒன்றில், மில்லுக்கு எதிர்க் கம்பத்தில் கம்பி மாற்ற ஏறியவர் லைன்மேன் தங்கசாமி. ரோட்டு முக்கிலிருந்த டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃப்யூஸையும் பிடுங்கிவிட்டு, “பிடுங்கியாச்சு அண்ணே” என்று குரல் கொடுத்தவன் அவருடைய உதவியாள் இருளாண்டி. கால் மணி கழித்து, கரண்ட் நிறுத்தியிருந்த கம்பியில் கரண்ட் வந்தது. ஆட்கள் ஏணி வைத்து இறக்கியபோது தங்கசாமிக்கு மூச்சு இல்லை.

கரண்ட் கொடுக்கக்கூடிய இடத்தில் நின்றவன் இருளாண்டி ஒருவன்தான். அவன் ஃப்யூஸைப் பிடுங்கியதைப் பார்த்தவர்களும் இல்லை. இதற்கு மேல் போலீஸுக்கு என்ன வேண்டும்? கேஸ் போட்டார்கள். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறான். மறுநாள் காலை பத்து மணிக்கு விருதுநகரில் விசாரணை. அதோடு வேலை போகும், பிறகு ஜெயில்.

வேடிக்கை என்னவென்றால், இருளாண்டியைக் காப்பாற்றச் சொல்லி அருஞ்சுனையிடம் வந்தது அவன் வீட்டு ஆட்கள் இல்லை. செத்துப்போனவரின் மனைவி முத்துமாரியம்மாள்.

“அவன் எங்க வீட்டுச் சோத்தத் தின்னு வளந்தவன்யா. செய்ய மாட்டான். நான்தான் பாவி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம போலீஸ்ல சொல்லிட்டேன்” என்று அன்றைக்கு அழுதாள்.

அவள் சொன்னது இதுதான். பத்தே கால் மணிக்கு அவள் வீட்டு பல்ப் ஒரு தடவை பளிச்சென்று எரிந்து அணைந்தது. ‘வேலை முடிஞ்சுபோச்சு, அவுக சாப்பிட வந்துருவாக’ என்று சந்தோஷப்பட்டு உலை வைத்திருக்கிறாள். போலீஸார் அந்த பல்பைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். லைனில் கரண்ட் வந்ததற்கு அதுதான் சாட்சி.

“மூணு வயர்ல வர்ற கரண்டுக்கு ஒரு வரிசை இருக்கு செல்லக்கிளி” என்றார் அருஞ்சுனை. மில்லை விட்டு வெளியே வந்து தன் லூனா வண்டியின் மேல் சாய்ந்துகொண்டார். மின் ஆய்வாளர் அலுவலகம் ஒன்றில் பன்னிரண்டு வருஷம் கோப்பு கட்டியவர் அவர். அட்டை கிழிந்த விதிப் புத்தகம் ஒன்று இன்னமும் அவர் பையில் கிடக்கிறது. “அதுல ரெண்ட மாத்திப் போட்டா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். டிரான்ஸ்பார்மர்ல இருந்து வர்ற வரிசை வருசக்கணக்கா ஒண்ணுதான். மில்லும் நேராத்தான் ஓடிக்கிட்டு இருக்கு. இருளாண்டி ஃப்யூஸைத் திரும்ப மாட்டியிருந்தா?”

“நேராத்தான் ஓடியிருக்கும்.” செல்லக்கிளி சட்டென்று நிமிர்ந்தாள். “அப்ப அந்தக் கரண்டு டிரான்ஸ்பார்மர்ல இருந்து வரல!”

“வரல. இந்த ஊரு வரிசை தெரியாத ஏதோ ஒரு மிசின்ல இருந்து வந்திருக்கு.”

“ஜெனரேட்டர்.”

“இந்த லைன்ல அது எத்தனை இருக்கு?”

செல்லக்கிளி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். டீக்கடை, பஞ்சர் கடை, லாரி ஷெட், விசைத்தறிக் கொட்டகை. எல்லாவற்றுக்கும் மேலே நெட்டையாக ஒரு ரோஸ் கலர் கட்டிடம். “ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி. அன்னைக்கு அங்க கல்யாணமும் நடந்துச்சு. வாங்க, மொய் எழுதிட்டு வருவோம்.”

*

சுபத்ரா கல்யாண மகாலின் முதலாளி முனீஸ்வரன் தங்கமான மனுஷர் என்று ஊருக்குள் பெயர். வந்தவர்களை உட்காரவைத்து, வேண்டாம் என்றபோதும் ஆளுக்கொரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். ஜெனரேட்டரைப் பார்க்கவேண்டும் என்றதும் அவரே சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தப்பு செய்தவன் இவ்வளவு உபசாரம் செய்வானா என்று செல்லக்கிளி யோசித்தாள். செய்வான் என்றும் அவளே முடிவுகட்டிக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் ஓர் அறை. சுவரில் மெயின் போர்டு. பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஜெனரேட்டர். இரண்டுக்கும் நடுவே, நீளக் கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி ஒன்று சாம்பல் நிறத்தில் மின்னியது.

“சேஞ்ச் ஓவர் சுவிட்ச்” என்றார் முனீஸ்வரன், கேட்பதற்கு முன்பே.

“அப்படின்னா?” செல்லக்கிளி ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

அருஞ்சுனை விளக்கினார். “ஜெனரேட்டர் வைக்கிற எந்தக் கட்டிடத்துலயும் இது இருக்கணும்னு விதி. ஒத்தக் கதவுக்கு ரெண்டு வாசல்னு வச்சுக்கோ. கைப்பிடி மேல இருந்தா ஊர்க் கரண்டு உள்ள வரும். கீழ இருந்தா ஜெனரேட்டர் கரண்டு. ஒண்ணு மூஞ்சியில ஒண்ணு ஒரு நாளும் முழிக்க முடியாது. இது இல்லாம ஜெனரேட்டரைப் போட்டா, அந்தக் கரண்டு மெயின் வழியா வெளிய போயி ரோட்டுக் கம்பியில ஏறிரும்.”

“இங்க மூணு வருசமா இருக்கு. மகால் கட்டுனப்பவே மாட்டுனது” என்றார் முனீஸ்வரன்.

அருஞ்சுனையின் முகம் விழுந்தது. சுவிட்ச் மூன்று வருஷமாக இருந்தால் ஜெனரேட்டர் கரண்ட் வெளியே போயிருக்க வழியே இல்லை. மில்லின் சாட்சியமும் இந்த வாசலோடு செத்தது. பொழுது சாய இன்னும் ஒன்றரை மணி நேரம். வேறு துப்பும் கையில் இல்லை. இருளாண்டியின் கதை அவ்வளவுதானா?

செல்லக்கிளி அறையைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தது. ஜெனரேட்டரின் நெற்றியில் காய்ந்த சந்தனமும் குங்குமமும். மெயின் பெட்டி, ஃப்யூஸ் பெட்டி, பேட்டரி, டீசல் டின், ஏணி என்று ஒன்றையும் விடவில்லை. மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றின் கட்டைக்குக்கூடப் பொட்டு இருந்தது.

“முதலாளி, ஆயுதபூசைக்குப் பொட்டு வைக்கிறது யாரு?”

“நான்தாம்மா. என் கையாலதான் வைப்பேன். ஒரு திருப்புளியக்கூட விடமாட்டேன்.” அவருக்கு அதில் பெருமை.

“அப்ப இது மட்டும் அன்னைக்கு லீவா?”

அவள் விரல் சேஞ்ச் ஓவர் பெட்டியைக் காட்டியது. வழவழவென்று துடைத்துவிட்ட மாதிரி இருந்தது பெட்டி. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை.

முனீஸ்வரன் பெட்டியைப் பார்த்தார். விளக்குமாற்றைப் பார்த்தார். பிறகு ஏணியின் கடைசிப் படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஆயுதபூசை முடிஞ்சு மூணு வாரத்துல தங்கசாமி செத்தாரு. இது எப்ப வந்துச்சு?” என்று கேட்டார் அருஞ்சுனை.

“காரியம் முடிஞ்ச மறுநாளு” என்றார் முனீஸ்வரன். “மதுரையில இருந்து ஆள் கூட்டி வந்து மாட்டுனேன். பொட்டு வைக்கணும்னு தோணல.”

பிறகு கேட்காமலே கொட்டினார். அதற்கு முன் சுவிட்ச் கிடையாது. ஜெனரேட்டர் வயர் நேரே ஃப்யூஸ் பெட்டிக்குப் போனது. மெயினை இறக்கிவிட்டுத்தான் ஜெனரேட்டரைச் சுற்றவேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைக்குப் பெண் வீட்டார் சீர் பீரோவைக் கொண்டுவந்து மெயினை மறைத்து நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் இல்லாமல் நகராது. வெளியே மேளக்காரர் மைக் இல்லை என்று தவிக்கிறார். வீடியோக்காரன் லைட் இல்லை என்று கத்துகிறான். தாலி கட்ட ஐந்து நிமிஷம்.

“கரண்டுதான் இல்லையே, மெயின இறக்குனா என்ன, இறக்காட்டி என்னன்னு நினைச்சுட்டேன்யா. இல்லாத கரண்ட எதுக்கு இறக்கணும்? ரெண்டு செகண்ட்தான். லோடு தாங்காம ஜெனரேட்டரே நின்னுபோச்சு. பொறவு பீரோவ நகட்டி, மெயின இறக்கிட்டு, ஜெனரேட்டரைத் திரும்பப் போட்டேன். தாலியும் கட்டியாச்சு. பந்தியில இருக்கும்போதுதான் போஸ்ட்டுல ஒருத்தர் செத்துட்டாருன்னு சொன்னாக.”

செல்லக்கிளிக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. இருளாண்டி தப்பித்தான்! மில் இருக்கிறது, பொட்டு இருக்கிறது, வாக்குமூலமும் இருக்கிறது. “இதை நாளைக்கு விருதுநகர்ல வந்து சொல்லிருங்க முதலாளி. ஜெயில்ல கலர் கிடைக்காது, நான் வாங்கிட்டு வாரேன்.”

“சொல்லுதேன். எனக்கும் மூணு வாரமா தூக்கம் இல்ல.” முனீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். “ஆனா அந்த வயர இழுத்துக் குடுத்தது யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே?”

பரணைக் காட்டினார். மதுரை ஆள் வெட்டி எறிந்த பழைய வயர் அங்கே சுருண்டு கிடந்தது. செல்லக்கிளி எக்கி இழுத்தாள். வயரின் இணைப்பில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்புக்கு மேல் கஞ்சி போட்ட தறிநூலை நெருக்கி நெருக்கிச் சுற்றி, கடைசியில் நெசவாளர்கள் போடுகிற சின்ன முடிச்சு.

இதே முடிச்சை இரண்டு நாளைக்கு முன் அவள் பார்த்திருக்கிறாள். முத்துமாரியம்மாளின் வீட்டில், மீட்டர் பலகையில். “டேப்பு வெயிலுக்கு இளகிரும், நூலு இளகாதுன்னு சொல்லுவாக. நெசவுக் குடும்பத்துப் பிள்ளையில்ல? இந்த ஊர்ல லைன்மேன் எத்தனையோ பேரு, இப்படி முடிச்சுப் போடுறது அவுக ஒருத்தருதான்” என்று அவள்தான் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

“தங்கசாமி…” என்றாள் செல்லக்கிளி.

“லீவு நாள்ல, ஒரு ஞாயித்துக்கெழமை வந்து செஞ்சு குடுத்தான். சுவிட்ச் வாங்கித் தாங்க, வாங்கித் தாங்கன்னு ஆறு தடவ கேட்டான். நான்தான் ஆடி போகட்டும், ஆவணி போகட்டும்னு இழுத்தடிச்சேன். ‘இன்னைக்குக் கரண்டு போகும்’னு அன்னைக்குக் காலையில வந்து சொல்லிட்டுப் போனவனும் அவன்தான். ‘மெயின மறந்துராதீங்க முதலாளி’ன்னு சொன்னான்.” முனீஸ்வரன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவன் பொஞ்சாதிக்கு வாரிசு வேலை வரப்போகுதாமே? வேலை நேரத்துல அடுத்தவன் தப்பால செத்தான்னுதான இப்ப எழுதியிருக்கு. விதிய மீறித் தானே இழுத்த வயரால செத்தான்னு எழுதுனா குடுப்பாங்களா? நான் உள்ள போறதப் பத்திச் சொல்லல. அந்த முத்துமாரியப் பத்திச் சொல்லுதேன்.”

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசினாரா, மனசாரப் பேசினாரா என்று செல்லக்கிளிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் அவர் சொன்னது உண்மை.

*

முத்துமாரியம்மாளின் சந்து முனையில் அருஞ்சுனை வண்டியை நிறுத்தினார். கருவேல முள்ளின் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“சொல்லாம விட்டா, செய்யாத தப்புக்கு ஒருத்தன் உள்ள போவான்” என்றாள் செல்லக்கிளி.

“சொன்னா, அந்தப் பொம்பளைக்குக் கஞ்சி இல்ல. நம்மள வரச்சொன்னதே அவுகதான்.”

“உங்க புத்தகத்துல ஒண்ணும் போடலையா அண்ணாச்சி?”

அருஞ்சுனை பையைத் தொட்டுப் பார்த்தார். “வயரு எப்படிப் போகணும், சுவிட்ச் எங்க இருக்கணும், எச்சரிக்கைப் பலகை எந்த நெறத்துல இருக்கணும், எல்லாம் இருக்கு. இதுக்கு என்ன செய்யணும்னு மட்டும் இல்ல.” காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எடுத்து முள்ளுக்குள் எறிந்தார்.

வீட்டில் இருளாண்டி இருந்தான். ஜாமீனில் வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். கொலைகாரன் என்று சந்தே பேசுகிறபோதும் அவன் நிறுத்தவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அருஞ்சுனை மகாலிலிருந்து கொண்டுவந்த வயர்த் துண்டை முத்துமாரியம்மாளின் முன்னால் வைத்தார்.

அவள் அதைக் கையில் எடுத்தாள். முடிச்சைக் கட்டைவிரலால் தடவினாள். ஆசையாகத் தடவிய விரல் பாதியில் நின்றது.

“இது எங்க இருந்துச்சு?”

அருஞ்சுனை சொன்னார். மில், பீரோ, ஜெனரேட்டர், பொட்டு என்று எல்லாவற்றையும் சுருக்காமல், கூட்டாமல் சொன்னார். அவள் அழவில்லை. செல்லக்கிளிதான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதக் காட்டுனா இவன் வெளிய வந்துருவானா?”

“வந்துருவான்மா.”

“எனக்கு அந்த வேலை?”

அருஞ்சுனை தரையைப் பார்த்தார்.

“அதெல்லாம் காட்ட வேணாம் மதினி.” மூலையிலிருந்து இருளாண்டி பேசினான். “எனக்குத் தெரியும். அண்ணன் அந்த வயர இழுக்கும்போது ஏணி பிடிச்சவனே நான்தான். அண்ணன் விழுந்த அன்னைக்கே எனக்கு விளங்கிருச்சு. இன்னைக்கு மத்தியானம் விருதுநகர் போயி எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

“என்னத்த எழுதிக் குடுத்த?”

“நான்தான் தெரியாம ஃப்யூஸ மாட்டிட்டேன்னு.”

நாலு இடம் அலைந்து ஒருவனைக் காப்பாற்றக் கயிறு கொண்டுவந்தால், அவனே அதற்கு முன் கிணற்றில் குதித்துவிட்டு நிற்கிறான்.

“யாரைக் கேட்டுக் குடுத்த?” முத்துமாரியம்மாள் எழுந்தாள். “அவுக போய்ச் சேந்துட்டாக. நீ ஜெயிலுக்குப் போவ. உம்பொஞ்சாதி பிள்ள தெருவுல நிக்கும். நான் மட்டும் உக்காந்து சம்பளம் வாங்கித் திங்கணுமா? அந்தச் சோறு எனக்கு எறங்குமாடா?”

“அண்ணன் பேரு கெட்டுப்போகும் மதினி.”

“கெட்டுப்போகட்டும்!” என்று கத்தினாள். கத்திவிட்டு, அந்த வார்த்தை தன் வாயிலிருந்தா வந்தது என்பதுபோல் மலைத்து நின்றாள்.

அப்போது கரண்ட் போனது.

தினமும் சாயங்காலம் போகிற கரண்ட்தான். வீடு மங்கியது. ஒரு நிமிஷம் கழிந்தது. பந்தல்குடி ரோட்டுப் பக்கமிருந்து டுப் டுப் டுப் என்று ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. மகாலில் ஏதோ நிச்சயதார்த்தம்.

நாலு பேரும் ஒன்றாக நிமிர்ந்து பல்பைப் பார்த்தார்கள்.

எரியவில்லை. செல்லக்கிளி மனசுக்குள் பத்து வரை எண்ணினாள். அப்போதும் எரியவில்லை. பொட்டு வைக்காத அந்தச் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தது. கம்பியில் இந்நேரம் யார் இருந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்.

“அன்னைக்கும் இப்படி எரியாம இருந்திருந்தா…” என்று ஆரம்பித்த முத்துமாரியம்மாள் முடிக்கவில்லை. இருளாண்டி தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் குந்தி விம்மிக்கொண்டிருந்தான்.

அவள் வயர்த் துண்டை முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள்.

“நாளைக்குப் பத்து மணிக்குத்தானய்யா?”

“ஆமாம்மா.”

“மில்லுக்கார அக்காவயும் கூட்டிக்கோங்க. நான் ஏழு மணி பஸ்ஸுக்கு வாரேன். இது அவுக போட்ட முடிச்சுன்னு நான் சொன்னாத்தான நம்புவாக.”

அருஞ்சுனை சரி என்று தலையாட்டினார். செல்லக்கிளி விளக்கேற்றத் தீப்பெட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.